இடைவெளி விட்டு நிற்கும் காடு: கொலராடோ மணற்குன்றுகளின் ஓரத்தில் ஐந்து நாள்

முதல் நாள், இரவு

காலையில் டென்வரில் கிளம்பினோம். தெற்கே வால்சன்பர்க் வரை பெரிய சாலை. அங்கே மேற்கே திரும்பி லா வீட்டா கணவாயை ஏறி இறங்கினால் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. பெயர்தான் பள்ளத்தாக்கு. கிட்டத்தட்ட 2,300 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு எட்டியவரை தட்டையாகக் கிடக்கும் சமவெளி அது. வலது கைப் பக்கம் பிளாங்கா சிகரம் கூடவே வந்தது. அதைச் சுற்றி வடக்கே திரும்பியதும் மலையடிவாரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு மடிப்பு தெரிந்தது.

"அதுவா? இவ்ளோதானா?" என்றாள் அண்ணன் மகள். பதினோரு வயது.

பின்னால் நிற்கும் சாங்ரே டி கிறிஸ்டோ மலைச் சிகரங்கள் 4,000 மீட்டருக்கும் மேல். அவற்றின் முன்னால் எது நின்றாலும் சின்னதாகத்தான் தெரியும். இன்னும் இருபது நிமிடம் ஓட்டினோம். அந்த மடிப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்கா. வட அமெரிக்காவிலேயே உயரமான மணற்குன்றுகள் இங்கேதான். மிக உயர்ந்தவை அடியிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 225 மீட்டர். வண்டிக்கு 25 டாலர் கட்டி உள்ளே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக மணலுக்குத்தான் போகிறார்கள். போக வேண்டிய இடம்தான். நான் வந்தது அந்த மணலின் ஓரத்திலும், அதற்கு மேலே பாறைச் சரிவிலும் நிற்கிற மரங்களுக்காக. இந்த மாதிரிக் காடுகளைப் பற்றிப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது அதற்குள் படுத்துத் தூங்கி எழ வேண்டும் என்று ஆசை.

கூடாரம் போடும் இடத்தின் பெயரே பின்யோன் பிளாட்ஸ். பின்யோன் என்பது குட்டையான ஒரு பைன் மரம். ஊசியிலைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, விரல் நீளம்கூட இல்லாமல் இருக்கும். அதோடு சேர்ந்து வளர்வது ஜூனிப்பர். அதன் இலை ஊசியாக இல்லை, செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டை நார்நாராக உரியும், தண்டு துணி பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டுமே இங்கே ஒன்றிரண்டு ஆள் உயரம், மிஞ்சினால் மூன்று.

முதல் பார்வைக்கு இதைக் காடு என்று சொல்ல மனம் வராது. ஒரு மரம். அப்புறம் பத்துப் பன்னிரண்டு அடிக்கு வெறும் மணலும் சரளையும், நடுவில் கொஞ்சம் காய்ந்த புல், ஒரு சப்பாத்திக்கள்ளி, மஞ்சளாகப் பூத்திருக்கும் ராபிட்பிரஷ் புதர். அப்புறம்தான் அடுத்த மரம். யாரோ அளந்து நட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. கிளைகள் ஒன்றையொன்று தொடுவதே அபூர்வம். நிழல் எல்லாம் தனித்தனித் தீவு.

"அத்தை, இங்க குட்டி மரமே இல்லையே?"

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். எல்லாமே பெரிய மரங்கள். இடைவெளியில் எங்கேயும் ஒரு கன்றுகூட முளைத்திருக்கவில்லை. ஊருக்குப் போவதற்குள் ஒன்றாவது கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. காலடியில் மணல், ஒரு கிலோமீட்டர் தள்ளி மேலே பாறை. மணல் நகர்வது, பாறை நகராதது. ஒன்றுக்கொன்று எந்த ஒட்டும் இல்லாத இரண்டு தரைகள். இரண்டிலும் அதே பின்யோன், அதே ஜூனிப்பர் எப்படி நிற்கின்றன?

இப்போது குளிர் இறங்கிவிட்டது. செப்டம்பர் நடுவில்தான் இருக்கிறோம், ஆனால் உயரம் 2,500 மீட்டர். 2019இல் இந்தப் பூங்காவுக்கு இருள்வானப் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டினாலே காரணம் புரிகிறது. மரங்கள் விட்ட இடைவெளி முழுக்க நட்சத்திரம்.

இரண்டாம் நாள், மதியம்

விடியும் முன்பே மணலுக்குப் போய்விட்டோம். கோடைப் பகலில் இந்த மணலின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸ் வரை சுடும். செப்டம்பரில் அவ்வளவு இருக்காது என்றாலும், பத்து மணிக்குள் திரும்பிவிடுவது என்று முடிவு.

மணலுக்குப் போக மெடானோ ஓடையைத் தாண்ட வேண்டும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் இந்த ஓடையில் கடலலைபோல் அலை அடிக்கும். ஓடும் தண்ணீருக்கு அடியில் மணல் சின்னச் சின்ன வரப்பாகச் சேர்ந்து, தண்ணீரைத் தேக்கி, திடீரென்று உடைந்து ஒரு அலையாகக் கிளம்பும். இப்போது ஓடை இங்கே வற்றிக் கிடக்கிறது. காலடிகளின் தடம் மட்டும்.

இந்த மணல் ஏன் இங்கேயே குவிந்து கிடக்கிறது என்பது அழகான கதை. வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கின் மணலை வாரிக்கொண்டு வந்து மலை வளையும் மூலையில் சேர்க்கிறது. புயல் நேரங்களில் எதிர்த்திசையில், மலைக் கணவாய்கள் வழியாகக் காற்று இறங்கி அதைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் இடிபட்டு மணல் மேல்நோக்கித்தான் போக முடியும். மலையை நோக்கித் தப்பிக்கிற மணலை ஓடைகள் பிடித்து, குன்றுகளைச் சுற்றிக்கொண்டு வந்து பள்ளத்தாக்குப் பக்கமே கொட்டிவிடுகின்றன. காற்று மறுபடி அள்ளும். யூட் பழங்குடி மக்கள் இந்த இடத்துக்கு வைத்த பெயரின் பொருள் 'நகரும் மணல்'. அந்த ஒரு பெயரில் எல்லாம் இருக்கிறது.

பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தோம். பள்ளம் தோண்ட ஆரம்பித்தாள் சின்னவள். மேலே மாவுபோல உதிர்ந்த மணல், ஒரு சாண் ஆழத்துக்கு முன்பே கருத்தது. கை வைத்தால் சில்லென்று இருந்தது. உருண்டை பிடித்துக் காட்டினாள். உடையவில்லை.

வருடத்துக்கு 280 மில்லிமீட்டர் மழையோ பனியோ விழுந்தால் அதிகம். சுற்றிலும் ஒரு பச்சை இல்லை. ஒரு சாண் கீழே ஈரம்! களிமண்ணில் விழும் மழை மேலேயே தங்கும், வழிந்தோடும், வெயில் வந்ததும் ஆவியாகிப் போகும். மணலில் விழுந்தது உடனே உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மேலே இருக்கிற இரண்டு விரற்கடை மணல் காய்ந்து மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தாண்டி வெயிலால் உறிஞ்ச முடிவதில்லை. மழை நிறையப் பெய்யும் ஊரில் மணல்தான் வறண்ட மண். மழை குறைந்த ஊரில் கணக்கு தலைகீழ், மணல்தான் கருணையான மண். புத்தகத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுக் கடந்துபோன விஷயம். அவள் கையிலிருந்த உருண்டையைத் தொட்டபோதுதான் உள்ளே போனது.

மணலில் எதுவுமே வளரவில்லை என்பதும் சரியில்லை. சரிவுகளுக்கு நடுவே பள்ளங்களில் ஒரு வகைப் புல் இருக்கிறது. வெளியே தெரிவது நாலு கீற்று. அடியில் கிடைத்தண்டு மணலுக்குள் நெடுந்தூரம் ஓடி, அங்கங்கே தலைநீட்டுகிறது. மணல் மூடினால் அது மேலே ஏறி வரும், மணல் விலகினால் வேர் தொங்கிக்கொண்டு நிற்கும். காட்டுச் சூரியகாந்தியும் இருந்தது. பெரும்பாலும் காய்ந்து, கடைசியாக ஒன்றிரண்டு பூ. இந்தக் குன்றுகளில் வளரும் சூரியகாந்திகளின் விதை, சுற்றியுள்ள சமவெளியில் வளரும் அதே இனத்தின் விதையைவிடப் பெரியது. மணல் ஆழமாக மூடினாலும் முளை வெளியே வந்து சேர வேண்டுமே, அதற்கான கட்டுச்சோறு அந்த விதைக்குள் இருக்கிறது. இந்தக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு புலிவண்டும் இங்கே உண்டு. எவ்வளவோ தேடினோம், இன்றைக்குக் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது மணல் முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் நின்றேன். அங்கே கோடு எதுவும் இல்லை. முதலில் புல், பிறகு புதர், பிறகு ஒரு தனி பின்யோன், அப்புறம் இரண்டு. மணல் எங்கே கொஞ்சம் அசையாமல் நிற்கச் சம்மதித்ததோ அங்கே மரம் காலை ஊன்றிவிட்டது.

கன்று? இன்றைக்கும் இல்லை.

மூன்றாம் நாள், இரவு

இன்று மோஸ்கா கணவாய்ப் பாதை. ஒரு வழிக்கு ஐந்தரை கிலோமீட்டர், 400 மீட்டருக்கு மேல் ஏற்றம். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணவாய் வழியாகச் சுங்கச்சாலை ஓடியது. காட்டாற்று வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது ஒற்றையடிப் பாதைதான். உயரம் பழகாததால் எனக்கு முதல் ஒரு மணி நேரம் தலை கனத்தது. நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்ததும் சரியானது.

ஓடையை ஒட்டிப் போகிறது பாதை. இரண்டு பக்கச் சரிவையும் பார்த்துக்கொண்டே ஏறலாம். இடது கைச் சரிவு தெற்கு பார்த்தது, நாள் முழுக்க வெயில். அதில் பின்யோனும் ஜூனிப்பரும் அதே பழைய இடைவெளியோடு. வலது கைச் சரிவு வடக்கு பார்த்தது. அங்கே டக்ளஸ் ஃபிர் மரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, உள்ளே இருட்டாக நிற்கின்றன. நடுவில் ஓடையோரம் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தன. நூறடி தூரத்துக்குள் மூன்று காடு! மழை ஒன்றுதான், மலை ஒன்றுதான். வெயில் விழும் கோணம்தான் வேறு.

அடர்ந்த பக்கத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் வெயில் பக்கத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஒரு திருப்பத்தில், பாதையை ஒட்டியே ஒரு பெரிய பாறை. அதன் நெஞ்சில் ஒரு பிளவு. பிளவுக்குள்ளிருந்து ஒரு ஜூனிப்பர் புறப்பட்டிருக்கிறது, என் இடுப்பளவுக்குப் பருத்த தண்டு. மண் என்று சொல்ல அங்கே ஒரு பிடிகூட இல்லை. முதல் நாள் கேட்ட கேள்வியோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பாறையின் முதுகில் விழும் மழை முழுவதும் எங்கே போகும்? வழிந்து பிளவுக்குள்தான். உள்ளே போன தண்ணீரை வெயில் தொட முடியாது. பாறையே மூடி. நேற்று மணல் செய்ததைத்தான் இன்றைக்குப் பாறை செய்துகொண்டிருக்கிறது. கிடைத்த கொஞ்சத்தை வெயிலுக்குக் காட்டாமல் ஆழத்தில் ஒளித்துவைக்கிறது. மரத்துக்கு மணலும் பாறையும் வேறு வேறு இல்லை. இரண்டுமே தண்ணீரைப் பூட்டி வைக்கிற பெட்டி.

இடைவெளியின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஜூனிப்பரின் பக்கவேர்கள் அதன் கிளைப்பரப்பைத் தாண்டி வெகுதூரம் போகும். நாம் 'காலி இடம்' என்று நினைத்து நடக்கிற தரைக்கு அடியில் இரண்டு மரத்தின் வேர்களும் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே பார்த்தால் இடம் மிச்சம், கீழே பார்த்தால் இடமே இல்லை. அந்தத் தரையின் மேலும் உயிர் உண்டு. கறுத்துப் பொருக்குத் தட்டிய மாதிரி சில இடங்களில் தெரிவது பாசியும் நுண்ணுயிரும் கற்பாசியும் சேர்ந்து கட்டிய ஓடு. மண்ணைக் காற்றிலிருந்து பிடித்துவைப்பது அதுதான். ஒரு காலடி விழுந்தால் நொறுங்கிவிடும், திரும்ப உருவாகப் பல வருடம் ஆகும். பாதையை விட்டு இறங்காதே என்று சின்னவளிடம் சொல்லியிருந்தேன். காரணத்தைச் சொன்னதும் பாதையின் நடுவிலேயே நடக்க ஆரம்பித்தாள்.

மேலே போகப் போகப் பட்டுப்போன பின்யோன்கள் சில தென்பட்டன. சாம்பல் நிறமாக, பட்டை உதிர்ந்து. அருகிலேயே ஜூனிப்பர் பச்சையாக நிற்கிறது. எனக்கு இந்தக் காட்டிலேயே மிகவும் மனதைப் பிடித்து உலுக்குகிற விஷயம் இதுதான்.

வறட்சி வந்தால் இரண்டு மரமும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. பின்யோன் எச்சரிக்கையான மரம். மண்ணில் ஈரம் குறைகிறது என்று தெரிந்ததும் இலைத்துளைகளைச் சாத்திவிடும். தண்ணீர் மிஞ்சும், ஆனால் துளையைச் சாத்தினால் காற்றும் உள்ளே வராது, உணவு தயாரிக்க முடியாது. சேமிப்பைத் தின்றே காலத்தை ஓட்ட வேண்டும். ஜூனிப்பர் துளைகளைத் திறந்தேதான் வைத்திருக்கும். அதன் தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் அவ்வளவு சுலபத்தில் காற்றடைத்துப் போகாதவை. மிகவும் முற்றினால் ஒரு பக்கத்துக் கிளைகளைச் சாகவிட்டு, மறுபக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும். பாதி எலும்பாகவும் பாதி பச்சையாகவும் நிற்கும் ஜூனிப்பர்களை இன்று எத்தனை பார்த்தோமோ.

குறுகிய வறட்சி என்றால் பின்யோனின் வழி சரி. நீண்டால் ஆபத்து. பலவீனமான மரத்தைப் பட்டைவண்டு மோப்பம் பிடித்து வரும். தெம்பான பின்யோன் பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளிவிடும். பட்டினி கிடந்த மரத்திடம் அந்தப் பிசின் இருக்காது. 2002, 2003 வறட்சியில் அமெரிக்காவின் தென்மேற்கில் இப்படித்தான் பின்யோன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நியூ மெக்சிகோவில் ஆய்வாளர்கள் கண்காணித்துவந்த ஓர் இடத்தில் பத்துக்கு ஒன்பது மரத்துக்கும் மேல் போய்விட்டது. வறட்சி அதற்கு முன்பும் வந்ததுண்டு. அந்தத் தடவை வெப்பமும் கூடியிருந்தது. அதுதான் வித்தியாசம்.

செத்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வயசுல செத்துச்சு அத்தை?" என்றாள். தெரியாது. பின்யோன் முதல் விதை கொடுக்கவே 25 ஆண்டு போல ஆகும், நன்றாகக் காய்க்க அதைவிடப் பல பத்தாண்டுகள். இந்தத் தடிமன் வருவதற்கு நூறு ஆண்டுக்கு மேல்கூட ஆகியிருக்கலாம் என்றேன். அவள் தாத்தாவின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

கணவாயின் உச்சியில் காற்று அதிகம். பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிட்டோம்.

நான்காம் நாள், மாலை

இன்று நடக்கவில்லை. மெடானோ கணவாய்ச் சாலையில் நாலு சக்கரத்துக்கும் விசை போகும் உயரமான வண்டிதான் ஓடும். ஏற்பாடு செய்திருந்த வண்டி வந்தது. ஓட்டுநர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். மணல் தொடங்கும் முன் நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினார். டயர் தளர்ந்தால்தான் மணலில் பரந்து உட்காருமாம். வந்த பிறகு பூங்காவிலேயே காற்று நிரப்பிக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் காட்டின் தலைவர் மாறிவிடுகிறார். பாண்டரோசா பைன். நெடுநெடுவென்று உயரம், நீளமான ஊசி இலைகள், வயதான மரத்தின் பட்டை செம்பழுப்பில் பெரிய பெரிய வில்லைகளாக வெடித்திருக்கும். வெயில் ஏறியதும் அந்த வெடிப்பில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை. சின்னவள் ஒவ்வொரு மரமாகப் போய் மோந்தாள். எல்லா மரத்திலும் ஒரே அளவு இல்லை, இது அதிகம், அது கம்மி என்று தரம் பிரித்தாள். பாண்டரோசாவும் இடைவெளி விட்டுத்தான் நிற்கிறது. கனத்த பட்டை, கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும் பழக்கம், அடியில் புல். புல்லில் தீ பிடித்தால் தரையோடு ஓடிப் போய்விடும், மரத்தின் மேல் ஏற வழியில்லை. 2010இல் மின்னல் விழுந்து இந்தப் பகுதியில் பெரிய தீ வந்தது. கரிந்த தண்டுகள் இன்னும் நிற்கின்றன. தீ உச்சிக்கு ஏறிய இடங்களும் உண்டு, ஏறாமல் விட்ட இடங்களும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிந்தது.

காஸில் க்ரீக் என்ற இடத்தில் இறங்கினோம். அங்கே மணற்குன்று செங்குத்தாக ஓடைக்குள் இறங்குகிறது. வறண்ட காலத்தில் ஓடை மணலைத் தடுக்க முடியாமல் போகும்போது, மணல் இக்கரைக்குத் தாவிவிடுகிறது. தப்பியோடிய மணல் என்றே அதற்குப் பெயர். தாவிய மணல் பைன்களை மூடும். மரம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், பிறகு சாகும். வருடங்கள் கழித்துக் காற்று அதே மணலை அடுத்த இடத்துக்குத் தள்ளும்போது உள்ளே இருந்த மரங்கள் வெளியே வரும். தோல் இல்லாமல், வெள்ளி நிறத்தில், கை விரித்தபடி. ஆவிக்காடு என்கிறார்கள். சத்தமே இல்லை அங்கே. மணல் பட்டுப் பட்டு இழைத்த கட்டையைத் தடவினேன், பட்டுத்துணி போல் இருந்தது.

அதற்கும் மேலே போனால் வருவது இந்தியன் க்ரோவ். எனக்கு இந்தப் பயணத்தின் நடுநாயகம் அந்த இடம்தான்.

முதல் மரத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தண்டில் ஆள் உயரத்துக்கு நீள்வட்டமாகப் பட்டை உரிக்கப்பட்ட தழும்பு. தழும்பின் இரு ஓரத்திலும் மரம் உதடுபோல் தடித்து, காயத்தை மூட முயன்றிருக்கிறது. இப்படி 72 பாண்டரோசா மரங்கள் இந்தத் தோப்பில். பட்டையை உரித்தவர்கள் யூட் மக்கள். வசந்தத்தில் மரத்துக்குள் சாறு ஏறும் நேரத்தில் வெளிப்பட்டையைக் கழியால் நெம்பி எடுத்து, உள்பட்டையைச் சுரண்டி எடுப்பார்கள். அது உணவு, மருந்து. பிசின் கூடைகளுக்குத் தண்ணீர் புகாமல் பூசவும், ஒட்டவும். ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உரித்தவை என்று தெரியவந்திருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் கட்டடங்களும் கோட்டைகளும் இருக்கிற வரிசையில் இந்த உயிருள்ள மரங்களும் இருக்கின்றன.

நான் நின்று பார்த்தது ஒன்றைத்தான். எந்த மரத்திலும் பட்டையைச் சுற்றிலும் உரிக்கவில்லை. சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் எடுத்து, மறுபக்கத்தை மரத்துக்கே விட்டிருக்கிறார்கள். இருநூறு ஆண்டு ஆகப்போகிறது, தலையில் பச்சை இருக்கிறது, கூம்பு காய்க்கிறது. யூட் மக்களை இந்த நிலத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அவர்களுடைய கை பட்ட இடம் மட்டும் இங்கேயே நிற்கிறது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாங்களும் ஒன்றும் பேசவில்லை.

பூங்காவைக் காப்பாற்றிய கதையையும் திரும்பும் வழியில் அவர்தான் சொன்னார். 1920களின் கடைசியில் மணலில் தங்கம் அரிக்கவும், மணலை அள்ளி கான்கிரீட்டுக்குக் கொண்டுபோகவும் ஆட்கள் வந்தபோது, அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் சேர்ந்து கடிதம் எழுதி, மனு கொடுத்து, 1932இல் இதை அரசு பாதுகாக்கும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்க வைத்தார்கள். பிறகு பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரைக் குழாய் போட்டு வெளியே விற்கத் திட்டங்கள் வந்தன. அதை எதிர்த்துச் சேர்ந்த கைகள்தான் 2004இல் இதைத் தேசியப் பூங்காவாக ஆக்கின. நேற்று முன்தினம் ஒரு சாண் ஆழத்தில் தொட்ட ஈரம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் போனால் ஓடை போகும், ஓடை போனால் மணல் கரையில் நிற்காது.

இன்றும் கன்று கிடைக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

ஐந்தாம் நாள், கிளம்பும் முன்

விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். சிரிப்பும் அழைப்பும் கலந்த மாதிரி நூறு குரல். கூடாரத்தைத் திறந்தால், தூசி படிந்த நீல நிறத்தில் ஒரு பறவைக் கூட்டம் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தது. பின்யோன் ஜே!

எழுப்பியதும் அவள் போர்வையோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம்.

பின்யோன் கூம்பு முற்ற இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். எல்லா வருடமும் காய்க்காது. சில வருடங்கள் சும்மா இருந்துவிட்டு, ஒரு வருடம் வட்டாரத்தில் உள்ள மரமெல்லாம் சேர்ந்து கொட்டிக் காய்க்கும். விதை பெரியது, சிறகில்லாதது, காற்றில் பறக்காது. பறவைதான் கொண்டுபோக வேண்டும். மற்ற ஜே பறவைகளுக்கு மூக்குத்துளையின் மேல் மயிர்போன்ற இறகுகள் இருக்கும், இதற்கு மட்டும் இல்லை. பிசின் வழியும் கூம்புக்குள் அலகை முழுக்க நுழைத்தாலும் ஒட்டாது. விதையை எடுத்ததும் அலகில் வைத்துத் தட்டிப் பார்க்கிறது. வெளிறிய விதை பெரும்பாலும் உள்ளே சொத்தை, கரும்பழுப்பு நல்ல விதை. ஒரு பறவை எடுத்து, தட்டி, கீழே போட்டதைக் கண்ணால் பார்த்தோம். நல்லதைத் தொண்டையில் அடக்கிக்கொள்ளும், ஒரு நடைக்கு ஐம்பது விதை வரை. பிறகு எங்கேயாவது போய் மண்ணில் புதைக்கும். பனி மூடினாலும் புதைத்த இடத்தை மறக்காது. ஆயிரக்கணக்கில் புதைத்து, எல்லாவற்றையும் தின்று முடிக்காமல் மிச்சம் விடுகிறதே, அதுதான் இந்தக் காட்டின் அடுத்த தலைமுறை. கடந்த அரை நூற்றாண்டில் இந்தப் பறவை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மரம் குறைந்தால் பறவை குறையும், பறவை குறைந்தால் மரம். நூறு குரல் கேட்ட சந்தோஷத்துக்கு நடுவிலேயே இதுவும் நெஞ்சில் கிடந்தது.

அரை மணி நேரத்தில் கூட்டம் எழுந்து வடக்கே போய்விட்டது. டீ போட்டுக் குடித்தோம். சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம்.

முதல் நாளிலிருந்து ராத்திரி காலணிகளைக் கூடாரத்தின் பின்பக்கம் ஒரு ஜூனிப்பரின் அடியில்தான் கழற்றி வைப்போம், பனி படாமல் இருக்கும் என்று. அதை எடுக்கப் போனவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"அத்தை. சத்தம் போடாம வாங்க."

ஜூனிப்பரின் தாழ்ந்த கிளைக்குக் கீழே, உதிர்ந்த செதில்களின் நடுவில், காலணிக்கு நாலு விரற்கடை தள்ளி ஒரு பின்யோன் கன்று. சுண்டுவிரல் உயரம். இளங்கன்றுக்கே உரிய சாம்பல் பூத்த நீலப் பச்சை. ஐந்து நாளாக வெட்டவெளியில் தேடியிருக்கிறோம். வெட்டவெளியில் முளைத்தால் வெயில் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்யோன் கன்றுகள் பெரும்பாலும் இப்படித்தான் இன்னொரு மரத்தின் அல்லது புதரின் நிழலில், அது உதிர்த்த சருகின் ஈரத்தில் வளர்ந்து தலையெடுக்கும். ஒரு பறவை எப்போதோ கொண்டுவந்து புதைத்துவிட்டு எடுக்காமல் போனது.

அவள் தரையில் படுத்து, கன்றின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, இலைகளை எண்ணினாள். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இது பெரிய மரமாகும்போது எனக்கு என்ன வயசு இருக்கும் என்றாள். உன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும்மா என்றேன்.

அப்புறம் காலணிகளை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்தாள். கூடாரத்தை அந்தப் பக்கமாக இழுக்காமல் எதிர்ப்பக்கமாகவே சுருட்டி, வண்டி வரைக்கும் சுற்றிக்கொண்டு போனோம்.